ஜப்பான் விசா: காலாவதிக்குப் பிறகு 2 மாத அவகாசம் உண்டா?

"ஜப்பானில் ரெசிடென்ஸ் கார்டு (அங்கே தங்கும் வெளிநாட்டவருக்கான அடையாள அட்டை) தேதி முடிந்தாலும் 2 மாதத்துக்குள் புதுப்பித்தால் போதும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. நம்பி உட்கார்ந்தால் பெரிய வம்பு.

2 மாதம் என்ற கணக்கு எங்கிருந்தோ வானத்திலிருந்து குதிக்கவில்லை. கார்டு காலாவதியாகும் முன்பே விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்கான சலுகை அது. முடிவு வரும் நாள், காலாவதி தேதியிலிருந்து 2 மாதம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை பழைய விசா நிலையிலேயே தங்கலாம், வேலையும் பார்க்கலாம். விண்ணப்பிக்கவே இல்லை என்றால் மறுநாளிலிருந்தே சட்டவிரோதத் தங்கல்தான்.

கார்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கீழே, புதுப்பிப்பு விண்ணப்பத்துக்கென்றே ஒரு கட்டம் இருக்கும். குடிவரவு அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் அதில் முத்திரை குத்தித் தருவார்கள். ஆன்லைனில் விண்ணப்பித்தால் முத்திரை கிடையாது. விண்ணப்பம் ஏற்கப்பட்டதாக வரும் மின்னஞ்சல்தான் ஆதாரம், அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று: இந்த இடைவெளியில் ஊருக்குப் போய்வரத் தடையில்லை. ஆனால் அந்த 2 மாதம் முடிவதற்குள் திரும்பி வந்து புதுக் கார்டையும் கையில் வாங்கியாக வேண்டும். விமான டிக்கெட்டை அதற்கேற்பப் போடுங்கள்.

சாதாரணமாக, காலாவதிக்கு 3 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அப்புறம் கட்டணம்: பழைய பதிவுகளில் உள்ள 4,000 யென் இப்போது செல்லாது, 2025 ஏப்ரலிலேயே உயர்த்திவிட்டார்கள்.