மாடல் அப்புறம். முதலில் 'லெட்சுமி'யைச் சரியாக எண்ணுங்கள்

மலேசியாவில் சுகாதாரத் தரவு ஆய்வில் இன்டர்ன்ஷிப் கிடைத்ததும், கேஎல் பிள்ளைகளானாலும் பினாங்குப் பிள்ளைகளானாலும் முதலில் கேட்பது, எந்த மெஷின் லேர்னிங் மாடல் (பழைய தரவிலிருந்து கற்றுக்கொண்டு கணிக்கும் நிரல்) போடலாம் என்றுதான். 12 வாரம் இருந்தால் 8 வாரத்தைத் தரவைத் துப்புரவாக்கக் கொடுங்கள் என்பேன். அதை எடுபிடி வேலை என்று நினைக்காதீர்கள்.

நம் பெயர்களையே பாருங்கள். ஒரே மனிதர் கிளினிக்கில் 'முருகன் ஏ/எல் ராமன்', ஆய்வகத்தில் 'ஆர். முருகன்', பழைய அட்டையில் 'முருகன் எஸ்/ஓ ராமன்'. (ஏ/எல், எஸ்/ஓ என்றால் மகன்; ஏ/பி, டி/ஓ என்றால் மகள்.) லெட்சுமியை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! பெயரை வைத்து இரண்டு பட்டியலை இணைக்கும் நிரலுக்கு இவர்கள் வெவ்வேறு ஆட்கள். ரத்தப் பரிசோதனை முடிவு ஒட்டாமல் போனால், ஒழுங்காக மருந்து சாப்பிடுபவரும் 'சிகிச்சையைக் கைவிட்டவர்' கணக்கில் விழுவார். 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முன்னால். அதிகம் பாதிக்கப்பட்ட சமூகத்தின் கணக்கே பிசகினால் எனக்கு மனசு ஆறாது.

ஏ/எல், ஏ/பி, எஸ்/ஓ, டி/ஓ எல்லாவற்றையும் பிரித்து அட்டவணையில் தனிப் பத்தியில் போடுங்கள். தகப்பன் பெயருக்கு இன்னொரு பத்தி. புள்ளி, இரட்டை இடைவெளி நீக்குங்கள். பிறந்த தேதியும் பாலினமும் பொருந்துகிறதா பாருங்கள். பிறகு இரண்டு பட்டியலிலிருந்தும் 200 பதிவு ஜோடிகளைக் கண்ணால் சரிபார்த்து, எத்தனை தப்பு என்று இனவாரியாக எழுதி வையுங்கள். இந்த வேலை தரவு வைத்திருப்பவரின் கணினியிலேயே நடக்க வேண்டும். பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது.

ஐசி (அடையாள அட்டை) நம்பர் இருக்கிறதே, பெயர் எதற்கு என்பீர்கள். 2003இல் பிறந்தவரின் எண் 03 என்று தொடங்கும். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன் பூஜ்யத்தை விழுங்கிவிடும், 12 இலக்கம் 11 ஆகும். கோப்பைத் திறக்கும்போதே எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள்.

ஐசியை ஹேஷ் செய்துவிட்டோம் (நேராகத் திருப்ப முடியாத குறியீடாக மாற்றிவிட்டோம்), இனி ரகசியம்தான் என்பதும் தப்பு. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பினாங்கு 07, கோலாலம்பூர் 14), கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண். இவ்வளவு தெரிந்த எண்ணை, சாத்தியமான எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ரகசியச் சாவி சேர்த்து ஹேஷ் செய்யுங்கள். சாவி உங்களிடம் இருக்கக் கூடாது.

அனுமதி விஷயம் சுருக்கமாக: சுகாதார அமைச்சின் கிளினிக், மருத்துவமனைத் தரவு என்றால் என்எம்ஆர்ஆர் (தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவும் எம்ஆர்இசி (மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு) ஒப்புதலும் வேண்டும். வேலை தொடங்கியபின் விண்ணப்பித்தால் காத்திருப்பிலேயே வாரங்கள் கரையும். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற ஆய்வில் உங்கள் பெயரைச் சேர்க்க முடியுமா என்று நேர்காணலிலேயே கேளுங்கள்.

மிச்ச நான்கு வாரத்தில் மாடல் போடுங்கள், தாராளமாக. யாருக்கு இனிப்புநீர் என்று கணிக்கும் மாடலுக்குள் மெட்ஃபோர்மின் பத்தியை விட்டுவிடாதீர்கள். நோய் தெரிந்தபிறகு கொடுத்த மருந்து அது, விடையையே காட்டிக்கொடுக்கும். மாடலின் பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவைப் பிரிக்கும்போது, ஒரே ஆள் இரண்டிலும் வராதபடி, வருகை வாரியாக இல்லாமல் ஆள் வாரியாகப் பிரியுங்கள். முருகன் இன்னும் மூன்று பேராக இருந்தால், அந்தப் பிரிப்பும் பிழைதான்.