பத்தாவது முடித்த பிள்ளைக்கு ஏரிக்கரையில் நாலு வாரம், சம்பளத்தோடு

கோடையில் "சுற்றுச்சூழல் இன்டர்ன்ஷிப்" என்று வரும் அறிவிப்புகளில் பெரும்பாலும் சம்பளம் கிடையாது, சான்றிதழ் மட்டும்தான். சிலர் கட்டணம்கூடக் கேட்கிறார்கள். அதே ஏப்ரல், மே மாதங்களில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறவும் ஜவுளிக்கடையில் துணி மடிக்கவும் போகிற பிள்ளைகள் அந்தக் காசை விட்டுவிட்டு ஏன் வரவேண்டும்? வருவதெல்லாம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான். அமெரிக்காவில் 1970-இலேயே யூத் கன்சர்வேஷன் கோர் என்று சட்டமே போட்டு, 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குக் கோடையில் கூலி கொடுத்து தேசியப் பூங்காக்களில் வேலை கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இங்கேயும் ஏரிக்கரையில் நாலு வாரம், சம்பளத்தோடு ஒரு பயிற்சி நடத்தலாம்.

யாரை எடுப்பது? பத்தாவது பரீட்சை எழுதி முடித்தவர்களை. ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று முடிவாகும் முன்பே அவர்கள் சுற்றுச்சூழல் வேலைகளைப் பார்த்துவிட வேண்டும். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல் இருப்பது ப்ளஸ் டூ முடித்தபின் தெரிந்து என்ன பயன், எடுத்தது வணிகவியல் என்றால்?

அடுத்தது நேரம். பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் சறுக்கும். குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டப்படி 14 முதல் 18 வயதுள்ளவரிடம் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. பிறகு ஒரு மணி நேர ஓய்வு. ஓய்வையும் சேர்த்து மொத்தம் ஆறு மணி நேரம். இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கூடாது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. பயிற்சி என்று பெயர் வைத்தாலும் காசு கொடுத்து வேலை வாங்கினால் இந்த வரம்புக்குள் நிற்பதே நல்லது. ஆக, கடற்கரையில் ஆமை முட்டை தேடிப் போகும் இரவு ஆமை நடையும் விடியற்காலைப் பறவைக் கணக்கெடுப்பும் சம்பள வேலையில் சேராது. 8 முதல் 11 வரை களம், 12 முதல் 2 வரை அறைக்குள் பதிவும் கணக்கும் என்று பிரித்தால் சட்டத்துக்கும் பொருந்தும், அக்னி நட்சத்திர வெயிலுக்கும் தப்பலாம். பெயர், பிறந்த தேதி, வேலை நேரம் எழுதிய பதிவேடு ஒன்று கட்டாயம்.

களத்தில் என்ன செய்வது? மரக்கன்று நட்டுப் படம் எடுப்பது அல்ல. ஒரே ஏரி, ஒரே நான்கு இடங்கள், தினமும் ஒரே மணிக்குத் தண்ணீர் எடுத்து, அதில் கரைந்துள்ள ஆக்சிஜனையும் பி.எச். என்ற அமில-காரத் தன்மையையும் அளப்பது. இந்த "ஒரே மணி" முக்கியம்: பச்சை பிடித்த ஏரியில் பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளிவிடும், நண்பகல் அளவு காலை அளவைவிட எகிறும். ஒரு நாள் 8 மணிக்கும் மறுநாள் 11 மணிக்கும் எடுத்தால் அந்த எண்களுக்கு அர்த்தமே இல்லை. ஆக்சிஜன் சோதனைக்கான பாட்டிலில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது, தண்ணீர் வழிய நிரப்பி மூட வேண்டும். பி.எச். மீட்டரை தினமும் 7, 10 பஃபர் கரைசல்களில் (பி.எச். அளவு முன்பே தெரிந்தவை) சரிபார்க்க வேண்டும். முனையை காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு வைத்தால் சீக்கிரம் கெடும், பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்கணும். அமிலம் ஊற்றும் சோதனை ஆய்வகத்துக்காரர் வேலை. பிள்ளைகள் தண்ணீரில் இறங்கவே கூடாது, கரையில் நின்று கயிறு கட்டிய வாளியில் மொள்ளட்டும்.

ஆறு பேருக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். பெண் பிள்ளைகள் இரண்டாம் வாரம் நின்றுவிட்டால் பெற்றோரைக் குறை சொல்லும் முன் பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். வாரம் ஒரு நாள் மாசுக்கட்டுப்பாட்டு வாரிய ஆய்வகம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், வனச்சரகம் என்று கூட்டிப் போகலாம். முன் அனுமதிக் கடிதம் பிப்ரவரியிலேயே போக வேண்டும்.

பணம்? 20 பிள்ளைகள், 20 நாள், நாளுக்கு 300 ரூபாய் என்றால் 1,20,000. சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் நாளுக்கு 100 சேர்த்தால் 1,60,000. நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்கென ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதிக்கான பட்டியலில் சுற்றுச்சூழலும் இருக்கிறது, தொழில் திறன் பயிற்சியும் இருக்கிறது. ஒரு மரம் நடு விழாவின் பந்தல், பேனர், சால்வைக் கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டு நிதி இல்லை என்று சொல்லட்டும். கடைசி நாள் மொத்தமாகக் கவரில் வைத்துக் கொடுக்காமல் வாராவாரம் பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே போட வேண்டும். பத்து வயதுக்கு மேல் தாங்களே இயக்கும் கணக்கு தொடங்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது.