திசை வேறு, மொழி வேறு
கத்தோலிக்கத் திருப்பலி (பூசை) பற்றிய ஒரு கட்டுரை, ‘லத்தீனை ஒழித்து, சாமியாரை மக்கள் பக்கம் திருப்பியது இரண்டாம் வத்திக்கான் சங்கம்’ (1962–65இல் உலக ஆயர்கள் கூடிய பேரவை) என்று சொல்வது சரியில்லை. அந்தச் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 36ஆம் எண், தாய்மொழிக்கு இடம் கொடுத்தாலும் லத்தீன் காக்கப்பட வேண்டும் என்கிறது. குரு எந்தப் பக்கம் நிற்பது என்ற பேச்சே அதில் இல்லை. சுற்றிவரும்படி பீடத்தைச் சுவரைவிட்டுத் தள்ளிக் கட்டச் சொன்னது, அந்த ஏட்டை நடைமுறைப்படுத்த வந்த 1964 விதிமுறை. சங்கத்துக்குப் பின் போப் ஆறாம் பவுல் வெளியிட்ட புதிய திருப்பலிப் புத்தகத்திலேயே ‘சகோதரரே, செபியுங்கள்’ என்னும் இடத்தில் ‘மக்கள் பக்கம் திரும்பி’ என்று குருவுக்கான குறிப்பு சிவப்பெழுத்தில் இருக்கிறது. ஏற்கெனவே மக்களைப் பார்த்து நிற்பவர் எங்கே திரும்புவதாம்? மார்த்தாண்டம் பக்கம் மலங்கரைக் கத்தோலிக்கக் கோயிலுக்கு (கீழைத் திருச்சபை மரபு) போய்ப் பாருங்கள்: திரை விலகும், குரு பீடத்தை நோக்கி நிற்பார், செபம் மட்டும் நம் பேச்சு மொழியில். இன்னொருவர் ‘2021க்குப் பிறகு லத்தீனே தடை’ என்கிறார். அந்த ஆண்டு போப் பிரான்சிஸ் கட்டுப்படுத்தியது சங்கத்துக்கு முந்தைய முறையான 1962 திருப்பலிப் புத்தகத்தைத்தான். புதிய முறையை லத்தீனில் நிறைவேற்ற இன்றும் தடையில்லை.