இங்கே ஒரு கையெழுத்து போடுங்கம்மா

மூன்று வருடம் முன்பு ஒரு மத்தியானம். ஓ.பி. கூட்டம் வடிந்த நேரத்தில், கையில் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஒரு பெண் வந்து நின்றார். 26 வயது இருக்கும். முதல் குழந்தைக்கு நாலு வயது. அடுத்தது நிற்கவில்லை என்று இரண்டு வருடமாகக் கோயில் கோயிலாகப் போயிருக்கிறார். மாமியாரிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கர்ப்பப்பைக்குள்ளே காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனம் இருக்கிறது.

"நான் வைக்கச் சொல்லவே இல்லையே சிஸ்டர்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிரசவம் பார்த்த இடத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு பையில் இருந்தது. நாலாக மடித்து, மடிப்பில் எல்லாம் கிழிந்து போயிருந்தது. அதன் அடியில் ஓரமாக "பி.பி.ஐ.யூ.சி.டி." என்று எழுதியிருந்தார்கள். பிரசவம் முடிந்த கையோடு காப்பர்-டி வைத்தாயிற்று என்று அர்த்தம். நாலு வருடமாக அந்தச் சீட்டு அவர்கள் வீட்டு பீரோவில் இருந்திருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியாது.

கையெழுத்து போட்டீங்களா என்று கேட்டேன்.

"வலியில கத்திட்டு இருந்தேன் சிஸ்டர். நாலஞ்சு இடத்துல போடச் சொன்னாங்க. போட்டேன்."

அன்றைக்கே அதை எடுத்துவிட்டோம். சில நிமிட வேலைதான். ஆனால் அந்த இரண்டு வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

நான் 19 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். தனியாரிலும் இருந்திருக்கிறேன், அரசிலும் இருக்கிறேன். காப்பர்-டி கெட்டது என்று சொல்ல வரவில்லை. நல்ல சாதனம். 380ஏ என்ற வகை பத்து வருடம் வரை கருத்தரிக்காமல் காக்கும், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதைப் பற்றி மாதாமாதம் செக்கப்புக்கு வரும்போதே பேசி, யோசிக்க நேரம் கொடுத்து, சம்மதம் வாங்க வேண்டும். இடுப்பு வலி உச்சத்தில் இருக்கும்போது முதல் தடவையாக அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்றுதான் எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்கள். அந்தப் பெண்ணின் கேஸ் ஷீட்டில் கையெழுத்து இருந்திருக்கும். பேப்பரில் ஒரு குறையும் இருந்திருக்காது. சம்மதம் மட்டும்தான் இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி வார்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மறுநாள் ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) லிஸ்டில் எட்டுப் பேர். கேஸ் ஷீட்டை எல்லாம் ரெடி பண்ண வேண்டும். கன்சென்ட் பாரத்தில், அதாவது சம்மதப் படிவத்தில், பல இடங்களில் பெயரையும் தேதியையும் தவிர எல்லாம் ஏற்கெனவே அச்சடித்திருக்கும். "இங்கே ஒரு கையெழுத்து போடுங்கம்மா, இங்கே சார் நீங்க போடுங்க." ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. நானும் அப்படி வாங்கியிருக்கிறேன், பல வருடம். அது தப்பு என்று அப்போது தோன்றவில்லை. பாரம் இல்லாமல் ஓ.டி.க்கு அனுப்பினால் திட்டு விழும், அது மட்டும்தான் தெரியும்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பது ஒரு பயிற்சி வகுப்பில் சமீரா கோலி வழக்கைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. 1995 மே மாதம். 44 வயது, திருமணமாகாத பெண். மாதவிடாய் நிற்காமல் போகிறது என்று டாக்டரிடம் போகிறார். மயக்கம் கொடுத்து லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சின்னத் துளை போட்டு உள்ளே பார்க்கும் சோதனை) செய்து பார்க்க வேண்டும் என்கிறார்கள், அதற்குக் கையெழுத்து போடுகிறார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பை, சினைப்பைகள், கருக்குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்கள். கண் விழித்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிகிறது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2003-ல் அவர் புகாரைத் தள்ளுபடி செய்தது. அவர் விடவில்லை. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அந்த டாக்டர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நீதிமன்றம் சொல்லவில்லை, நல்லதுக்கென்று நினைத்துத்தான் செய்திருக்கிறார் என்று ஏற்றுக்கொண்டது. அப்படியும் தப்பு தப்புதான் என்றது. சோதித்துப் பார்க்கக் கொடுத்த சம்மதம் உறுப்பை எடுப்பதற்குச் செல்லாது. சுய புத்தியோடு இருக்கும் வயது வந்தவருக்கு அவரே சம்மதம் சொல்ல வேண்டும், பெற்ற தாய் ஆனாலும் அவருக்குப் பதிலாகச் சொல்ல முடியாது. என்ன செய்யப் போகிறோம், எதற்காக, என்ன நன்மை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும், இவ்வளவும் சொன்ன பிறகு வாங்குவதுதான் சம்மதம். உயிரையோ உடல்நலத்தையோ காப்பாற்ற உடனே செய்தாக வேண்டும், கண் விழிக்கும் வரை காத்திருக்க முடியாது என்ற நிலை இருந்தால் மட்டும் விலக்கு. நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? 25,000 ரூபாய். பதின்மூன்று வருடப் போராட்டத்துக்கு அவ்வளவுதான். அந்தத் தொகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

அப்புறம் இந்த "வீட்டுக்காரர் கையெழுத்து" விஷயம். 40 வயதுப் பெண், நன்றாகப் பேசுகிறார், கேட்கிறார். ஆனாலும் "உங்க வீட்டுக்காரர் எங்கேம்மா?" என்றுதான் கேட்போம். புருஷனுக்குத் தெரிந்திருப்பது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் போட்டால்தான் நடக்கும் என்று நிறுத்தி வைப்பதற்குச் சட்டம் இல்லை. கருக்கலைப்புச் சட்டத்திலேயே 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும் என்று இருக்கிறது. அப்படியும் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

பீகாரில் அராரியா மாவட்டத்தில் 2012 ஜனவரியில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில், டார்ச் வெளிச்சத்தில், இரண்டே மணி நேரத்தில் ஒரே டாக்டர் 53 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார். 2016-ல் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், பாரத்தில் உள்ளதை அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், யோசிக்க அவகாசம் கொடுக்க வேண்டும் என்றது. இந்த முகாம்களையே மூன்று வருடத்துக்குள் நிறுத்தச் சொன்னது.

"எங்கே நேரம் இருக்கிறது?" என்று என்னோடு வேலை பார்ப்பவர்கள் கேட்பார்கள். உண்மைதான். நைட் டியூட்டியில் ஒரு நர்ஸ் முழு வார்டையும் பார்க்கிற இடங்கள் உண்டு. விளக்குவது டாக்டர் வேலை, கையெழுத்து வாங்க நர்ஸை அனுப்புகிறார்கள் என்பதும் உண்மை. ஆட்களைப் போடாமல் பாரத்தை மட்டும் அடித்துக் கொடுக்கும் நிர்வாகத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். "எல்லாம் சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள்" என்கிறவர்களோடு மட்டும் எனக்கு ஒத்துப்போகவே முடியாது. ஓடட்டுமே. அவர்கள் உடம்பு, அவர்கள் முடிவு.

(இடையில் ஒன்று. உங்கள் கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதியே சொல்கிறது. கேட்கத் தயங்காதீர்கள்.)

இப்போது கையெழுத்து வாங்குவதற்கு முன்பு நான் ஒரு கேள்வி கேட்கிறேன்: "நாளைக்கு உங்களுக்கு என்ன பண்ணப் போறாங்கன்னு சொல்லுங்க பார்ப்போம்." போன வருடம் 46 வயது அம்மா ஒருவர், சித்தாள் வேலை பார்ப்பவர், "கட்டி எடுக்கப் போறாங்க" என்றார். பாரத்தில் கர்ப்பப்பையை எடுப்பதாக இருந்தது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். நல்ல பிள்ளை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேப்பரில் படம் வரைந்து காட்டினார். கட்டி எங்கே, பை எங்கே, மாத்திரையில் இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம், எல்லாம் சொன்னார். அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எடுத்துட்டா எப்போ இருந்து சட்டி தூக்கலாம்?" குறைந்தது இரண்டு மாதமாவது வெயிட் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். மறுநாள் லிஸ்டில் ஒரு இடம் காலி, எனக்கும் கொஞ்சம் திட்டு விழுந்தது.

பொங்கல் கழித்து வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை. பாரத்தை வாங்கி மகள் கையில் கொடுத்து, "முதல்ல இருந்து படி" என்றார்.