குதிரைத்திறனுக்கு முன் எடைத்திறன்

பெட்ரோலில் ஓடும் மோட்டார்ஹோமை (தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டியை) மாற்றி வேறொன்று வாங்கும்போது எஞ்சினைப் பார்த்தே சேஸியை (வண்டியின் அடிச்சட்டத்தை)த் தேர்ந்தெடுக்கலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மோட்டார்ஹோம்களுக்கான ஃபோர்டு எஃப்-53 சேஸியில் பழைய 6.8 லிட்டர் வி10 (பத்து சிலிண்டர்) எஞ்சினுக்குப் பதிலாக வந்த 7.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், ஏற்றங்களில் கூடுதல் இழுவிசை தருகிறது என்பது உண்மையே. ஆனால் அதே எஃப்-53 பல எடை வரம்புகளில் கிடைக்கிறது. சேஸியின் மேல் கட்டப்படும் நீளமான வீட்டுக் கூட்டையும் பக்கவாட்டில் விரியும் அறைகளையும் சுமந்த பிறகு தண்ணீருக்கும் பொருட்களுக்கும் பயணிகளுக்கும் அந்த வரம்பில் எவ்வளவு எடை மிஞ்சுகிறது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். 300 லிட்டர் தண்ணீர் மட்டுமே 300 கிலோ அல்லவா! பின்னால் கார் இழுப்பவர்கள், வண்டியின் எடை வரம்போடு நின்றுவிடாமல், காரையும் சேர்த்த கூட்டு எடை வரம்பையும் இழுவைக் கொக்கியின் வரம்பையும் பார்த்தாக வேண்டும். பழைய வண்டியானால், வாங்குமுன் எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே எடை போட்டுப் பாருங்கள்.