ஓர் அறை கூடும்போது பழைய அறைகளுக்கு என்ன ஆகிறது?

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானால் மாடியில் ஓர் அறை. மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்றால் பின்பக்கம் ஒரு குளியலறை. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் வாடகைக்கு விட மாடியில் ஒரு போர்ஷன். நம் நடுத்தரக் குடும்பங்களின் வீடு ஒரே மூச்சில் கட்டி முடிக்கப்படுவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகளில் துண்டு துண்டாக வளர்கிறது. அப்படி வளர்வதில் தவறே இல்லை. அந்த வளர்ச்சியை யாரும் ஒரு தாளில் வரைந்து பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு நெடுநாளாக ஆற்றாமையாக இருக்கிறது.

முதன்முதலில் வீடு கட்டும்போதாவது வங்கிக் கடனுக்காகவும் அனுமதிக்காகவும் பெயருக்கு ஒரு பிளான் இருக்கும். பிறகு அதோடு ஒட்டி அறைகளை இழுத்துக் கட்டும்போது பெரும்பாலும் அதுவும் இருப்பதில்லை. மேஸ்திரி வருகிறார், கோடு போடுகிறார், மறுநாள் கடைக்கால் தோண்டத் தொடங்கிவிடுகிறார்கள். ஓர் அறைதானே, இதற்கு எதற்கு ஆர்க்கிடெக்ட் என்று கேட்கிறார்கள்.

அந்த ஓர் அறை என்ன செய்கிறது என்று கொஞ்சம் நின்று பாருங்கள். பின்பக்கம் சுவர் எழும்பியதும் சமையலறை ஜன்னல் வெளியே திறக்காமல் புது அறைக்குள் திறக்கிறது. தாளிக்கும் புகை வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. காலை பத்து மணிக்கும் விளக்கைப் போட்டுக்கொண்டு காய் நறுக்க வேண்டியிருக்கிறது. முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை ஓடிய காற்று ஹாலோடு நின்றுவிடுகிறது. புது அறைக்கு வழி பழைய படுக்கையறைக்குள் புகுந்து போகிறது என்றால், அந்தப் படுக்கையறை அன்றோடு நடைபாதை. 120 சதுர அடி கூடியது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெளிச்சம் போன சமையலறையையும் காற்று போன ஹாலையும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அந்த இழப்பை நாள் முழுக்கச் சுமப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் என்பதால்தான் அது பேசப்படாமலே போகிறது என்று நினைக்கிறேன்.

தரை மட்டம் இன்னொரு சிக்கல். நம் ஊர்களில் பல தெருக்களில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போடுகிறார்கள். சில முறை போட்டதும் வீடு தெருவை விடப் பள்ளத்தில் இருக்கிறது. மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறவர்கள் உண்டு. அதற்கு வசதியில்லாதவர்கள் புதிதாக இழுக்கும் பகுதியை மட்டும் உயர்த்திக் கட்டுகிறார்கள். விளைவு, வீட்டுக்குள்ளேயே இரண்டு படிகள். என் பெரியம்மா இரவில் கழிவறைக்கு எழுந்து போனபோது அப்படி ஒரு படியில்தான் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கழிவறையை அவர் படுக்கும் அறையை ஒட்டியே, அதே மட்டத்தில் அமைக்க இடம் இருந்தது. குழாய் எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் வைத்து இடத்தை முடிவு செய்தார்கள். அந்த வீட்டில் எழுபது வயதில் யார் எங்கே நடப்பார் என்று கேட்க ஓர் ஆள் இல்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

வெயிலுக்கு வருவோம். தமிழ்நாடு கிட்டத்தட்ட 8 பாகையிலிருந்து 13.5 பாகை வரை வட அட்சரேகையில் இருக்கிறது. மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்தாலும் நல்ல உயரத்தில்தான் நிற்கிறது. ஆகவே தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடு போட்டால் உச்சிவெயிலைப் பெருமளவு தடுத்துவிடலாம். மேற்கு அப்படியல்ல. மாலை நான்கு மணி வெயில் தாழ்வாக, நேராக முகத்தில் அடிப்பதுபோல் வருகிறது. சன்ஷேடு எதுவும் அதைத் தடுக்காது. அங்கே மாடிப்படியையோ குளியலறையையோ பொருள் வைக்கும் அறையையோ கொண்டுபோய் வைத்தால், அவை வெயிலை வாங்கிக்கொண்டு உள்ளே படுப்பவர்களைக் காப்பாற்றும். இதற்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை, வரையும்போது யோசித்தால் போதும். நாம் செய்வது என்ன? மொட்டை மாடியில் தனியாக ஓர் அறையை எழுப்புகிறோம். நான்கு சுவரும் வெயிலில், தலைக்கு மேலே கான்கிரீட் தளம். பகலெல்லாம் குடித்த வெப்பத்தை அந்தத் தளம் இரவில் உள்ளே இறக்குகிறது. புதுமணத் தம்பதிக்கு அந்த அறையைக் கொடுத்துவிட்டு ஏசி மாட்டுகிறோம். பிறகு ஆயுள் முழுக்க மின்கட்டணம்.

ஆர்க்கிடெக்டுக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவு என்கிறவர்களிடம் ஒரு கணக்கைச் சொல்ல விரும்புகிறேன். நம் கட்டுமானம் முழுவதும் சதுர அடி ரேட்டில் ஓடுகிறது. சதுர அடி கூடக் கூட ஒப்பந்தக்காரருக்கு வருமானம். ஆகவே வீட்டைச் சிறியதாக்குங்கள் என்று சொல்ல அவருக்குக் காரணமே இல்லை. இது அவர் குற்றமல்ல, முறையின் குற்றம். சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உபயோகமில்லாத நடை, கதவுக்குப் பின்னால் வீணாகும் மூலை, யாரும் உட்காராத இரண்டாவது ஹால் என்று 100 சதுர அடியை ஒருவர் வரைபடத்திலேயே குறைத்துக் கொடுத்தால் 2.5 லட்சம் ரூபாய் மிச்சம். சிறிய வேலைகளில் வடிவமைப்புக் கட்டணம் அதிலேயே வந்துவிடும்.

இப்படி யோசித்துச் செலவைக் குறைப்பதை ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் (1917–2007) வாழ்நாள் முழுக்கச் செய்துகாட்டினார். இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் நிலைத்த அவர், செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் 'ராட் டிராப்' முறையைப் பரப்பினார். ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சமாகிறது; உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தையும் மட்டுப்படுத்துகிறது. தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லை என்பதால் அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்தார். மூளையைச் செலவழித்துச் சிமெண்டை மிச்சப்படுத்திய மனிதர் அவர். அவருடைய பல வீடுகள் எளிய குடும்பங்களுக்காகவே கட்டப்பட்டவை. நல்ல வடிவமைப்பு பணக்காரர்களின் விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான்.

இழுத்துக் கட்டுவதற்கு உதாரணம் கேட்டால் நான் கொழும்பைக் காட்டுவேன். இலங்கை ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா (1919–2003) 1950களின் இறுதியில் அங்கே 33ஆவது ஒழுங்கையில் (சந்தில்), வரிசையாக நின்ற நான்கு சிறிய வீடுகளில் மூன்றாவதில் குடியேறினார். அடுத்த பத்தாண்டுகளில் மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. நாமாக இருந்தால் இடைவெளிகளை மூடி எல்லாவற்றையும் கூரைக்குள் கொண்டுவந்திருப்போம். அவர் ஒவ்வொரு முறை இணைத்தபோதும் வானத்துக்குத் திறந்த சிறு முற்றங்களை விட்டுக்கொண்டே போனார். நடுவே நிற்கும் அறைக்கும் அதனால் பகல் வெளிச்சம் கிடைத்தது. கடைசியில் வரிசையின் முதல் வீட்டை இடித்துவிட்டு அங்கே மேல்மாடிகளை எழுப்பினார். நான்கு குறுகிய வீடுகள் சேர்ந்து, எங்கே ஒட்டுப்போட்டது என்று தெரியாத ஒரே வீடாயின.

முற்றத்தின் அருமை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செட்டிநாட்டு வளவு வீடுகளும் தஞ்சாவூர்ப் பக்கத்து ரேழி, தாழ்வார வீடுகளும் அதைச் சுற்றித்தான் நிற்கின்றன. இன்று அதே முற்றங்களின் மேல் ஷீட் போட்டு, கீழே டைல்ஸ் ஒட்டி, ஹால் பெரிதாகிவிட்டது என்கிறோம்.

சிலி நாட்டு இக்கிக்கே நகரில் 2004இல் முடிந்த கிண்டா மொன்ராய் குடியிருப்பு இன்னொரு பாடம். அதை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழுவுக்கு, நிலத்தையும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியம்தான் கையில் இருந்தது. அதில் நல்ல வீடு முழுதாகக் கட்ட முடியாது. மட்டமான சிறிய வீட்டைக் கட்டுவதற்குப் பதில் நல்ல வீட்டில் பாதியைக் கட்டினார்கள். எந்தப் பாதி என்பதில்தான் அவர்களுடைய அறிவு தெரிகிறது. ஒரு குடும்பம் தானாகச் சரியாகச் செய்ய முடியாத சமையலறை, குளியலறை, மாடிப்படி, தாங்கும் சட்டகம், பக்கத்து வீட்டோடு சேரும் சுவர் ஆகியவற்றைக் கட்டிக் கொடுத்து, பக்கத்தில் அளந்த வெற்றிடத்தை விட்டார்கள். மக்கள் கையில் காசு வந்தபோது அந்த இடத்தை நிரப்பிக்கொண்டார்கள். 36 சதுர மீட்டர் வீடு 70 வரை வளர முடிந்தது, பழைய அறைகளை மூச்சடைக்காமல்.

நம் வீடுகளும் அரை வீடுகள்தான். மொட்டை மாடியில் பில்லர் கம்பிகளை நீட்டி விட்டு வைக்கிறோமே, அது அடுத்த தலைமுறைக்கு நாம் கொடுக்கும் வாக்குறுதி. ஆனால் கம்பி பல ஆண்டுகள் மழையில் துருப்பிடிக்கிறது. மாடி எந்த வடிவில் வரும், அஸ்திவாரம் அதைத் தாங்குமா, வாடகைக்கு வருபவர் நம் ஹால் வழியாகப் போகாமல் மேலே ஏற படி எங்கே, மேல் குளியலறையின் குழாய் எந்த அறையின் தலைக்கு மேல் இறங்கும் என்பதற்கெல்லாம் எந்தத் தாளிலும் பதில் இல்லை. பழைய சுவரும் புதுச் சுவரும் வெவ்வேறு அளவில் அமுங்கும் என்பதால் சந்திக்கும் இடத்தில் விரிசல் வரும், அங்கே ஓதம் ஏறும். முன்பே தெரிந்தவர் அந்த இடத்தில் முறையாக ஒரு மூட்டு விட்டு மூடுவார். தெரியாதவர் ஆண்டுதோறும் பட்டி பூசிக்கொண்டிருப்பார்.

வடிவமைப்பு என்றால் எலிவேஷன், அதாவது வீட்டின் முகப்புத் தோற்றம், என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. முன்சுவருக்குக் கண்ணாடி, பளபளக்கும் பலகை, கணினியில் வரைந்த வண்ணப்படம். அதற்கு லட்சக்கணக்கில் செலவழிப்பவர்களே உள்ளே காற்று எப்படி ஓடும் என்று கேட்பதில்லை. இதில் சில ஆர்க்கிடெக்டுகளுக்கும் பங்கு உண்டு. படத்தை விற்றுவிட்டுக் கட்டும் இடத்துக்கு வராதவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அனுமதியை நம்பியும் இருக்க முடியாது. 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட உரிமையாளரே உறுதியளிக்கும் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது பெரிய நன்மை, வரவேற்கிறேன். ஆனால் அந்தத் தாள் உங்கள் சமையலறைக்கு வெளிச்சம் தராது.

ஆர்க்கிடெக்டுகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. முழு வீட்டுக்கும் விழுக்காட்டில் கட்டணம் என்றால் ஓர் அறை இழுக்கும் குடும்பம் உங்கள் வாசலுக்கே வராது. ஒருமுறை நேரில் வந்து வீட்டைப் பார்க்க, எங்கே இழுக்கலாம், எங்கே கூடாது என்று கையால் வரைந்து கொடுக்க, வெளிப்படையாக ஒரு கட்டணத்தை அறிவியுங்கள். மருத்துவருக்குக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு வருவோம். மேஸ்திரியையும் அப்போது பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அவருக்குத் தெரிந்தது நிறைய. எங்கள் ஊரில் யாராவது இதைத் தொடங்கினால் சொல்லுங்கள். என் தம்பி தை பிறந்ததும் மாடி எடுக்கப் போகிறான்; செங்கலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டான், படி எந்தப் பக்கம் என்பது இன்னும் முடிவாகவில்லை.