ஓரமாகப் போ என்கிறீர்கள். ஓரம் எங்கே இருக்கிறது?

வாரத்தில் ஐந்து நாள் வீட்டிலிருந்து மின்சார ரயில் நிலையம் வரை சைக்கிளில் போகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு காரில் போகிறவனும் நானே. ஆகவே இரண்டு இருக்கைகளிலிருந்தும் சென்னைச் சாலையைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இந்தப் பதிவு சற்று ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சைக்கிள்காரர் நம் சாலைகளில் அதிகம் கேட்கிற கட்டளை ‘ஓரமாப் போ’ என்பதுதான். வாயால் சொல்பவர்கள் குறைவு. ஹாரனால் சொல்பவர்களே அதிகம். அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது என்பதைக் காருக்குள் உட்கார்ந்திருக்கும்போது நானும் கவனித்ததில்லை. கார்களின் சக்கரங்கள் நடுச்சாலையிலிருந்து ஒதுக்கித் தள்ளிய மணல் முழுவதும் அங்கேதான் சேர்கிறது. அதன்மேல் பிரேக் பிடித்தால் சைக்கிளின் ஒல்லியான டயர் சறுக்கும். பழைய தாரின் மேலேயே புதிய தாரைப் போட்டு உயர்த்திய சாலைகளில் வடிகால் மூடிகள் பள்ளத்துக்குள் போயிருக்கும். அதைத் தாண்டினால் நிறுத்தி வைத்த கார்கள், ஆள் ஏற்ற ஒதுங்கும் ஷேர் ஆட்டோக்கள், ‘பக்கத்துலதான்’ என்று சொல்லிக்கொண்டு எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்கள். ஆகவே ஒரு சைக்கிள் சாலை விளிம்பிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளிப் போகிறது என்றால் அதைத் திமிர் என்று எண்ண வேண்டாம். திடீரென்று குறுக்கே ஏதாவது வந்தால் ஒதுங்குவதற்கு இடப்பக்கம் கொஞ்சம் இடம் வேண்டும் என்ற கணக்குதான் அது.

நிறுத்திய கார்களை ஒட்டிப் போவதன் விலையை நான் கொடுத்திருக்கிறேன். போன ஆண்டு ஒரு மாலையில், ஓரமாக நின்றிருந்த காரின் ஓட்டுநர் பக்கக் கதவு என் ஹேண்டில்பாருக்கு நேராகத் திறந்தது. நான் விழுந்தது சாலையின் நடுப்பக்கமாக. பின்னால் வந்த ஆட்டோ சட்டென்று நின்றதால் முழங்கைக் காயத்தோடு போயிற்று. கதவைத் திறந்தவர் உண்மையிலேயே பதறிப்போனார். பார்க்கவில்லை என்றார், பார்க்கத்தான் இல்லை. நெதர்லாந்தில் கதவுக்கு எதிர்ப்பக்கத்துக் கையால் கதவைத் திறக்கும் பழக்கத்தைக் கார் ஓட்டப் பழகும்போதே சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் இருப்பதால் இடக்கையால் திறக்க வேண்டும். அப்படித் திறந்தால் உடம்பு தானாகவே திரும்பி, பின்னால் யார் வருகிறார்கள் என்பது கண்ணில் பட்டுவிடும். இதற்குச் சட்டமும் வேண்டாம், செலவும் இல்லை. அன்றிலிருந்து என் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் திறக்கிறோம்.

ஹாரனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சைக்கிள் நேர்க்கோட்டில் போகிற வண்டியே அல்ல. விழாமல் இருப்பதற்காகவே அது இடமும் வலமுமாகச் சிறிது அசைந்துகொண்டிருக்கும், மேம்பாலத்தில் ஏறும்போதும் கேரியரில் சுமை இருக்கும்போதும் இன்னும் கூடுதலாக அசையும். நெருங்கி வந்து காதருகே ஹாரன் அடித்தால், ஓட்டுகிறவர் பதறி வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பார். அவர் தலை திரும்பும் பக்கமே ஹேண்டில்பாரும் திரும்பும், அதாவது நீங்கள் வந்துகொண்டிருக்கும் பக்கமே. எச்சரிப்பதாக நினைத்துக்கொண்டு ஆளை உங்கள் வண்டியின் பாதைக்குள் இழுக்கிறீர்கள்.

ஜெர்மனியில் 2020 முதல், சைக்கிளைத் தாண்டும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டரும் ஊருக்கு வெளியே இரண்டு மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். பிரிட்டனின் சாலை விதிநூலில் 2022-இல் செய்த திருத்தம், அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடிய வாகனத்தை ஓட்டுகிறவருக்கே அதிகப் பொறுப்பு என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி வரிதான். ‘சாலையைப் பகிர்ந்துகொள்வோம்’ என்று நாம் பேசும்போது, இரு தரப்புக்கும் சரிபாதிக் கடமை என்பது போல ஒரு தொனி வந்துவிடுகிறது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அறுபதுக்கு மாறினால் அதன் மோதல் ஆற்றல் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. அந்த ஆற்றலைச் சாலைக்குக் கொண்டு வருகிறவரையும் பெடலை மிதிக்கிறவரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

சைக்கிள்காரர்கள் தவறே செய்வதில்லையா என்று கேட்பீர்கள். செய்கிறோம். எதிர்த்திசையில் வருவது ஆபத்துதான். ஆனால் ராஜீவ் காந்தி சாலை போன்ற இடத்தில் எதிரே தெரியும் கடைக்குப் போக, தொலைவில் இருக்கும் யு-டர்ன் வரை மிதித்துத் திரும்பி வரச் சொல்லும் வடிவமைப்புக்கும் அதில் பங்கு உண்டு. விளக்கில்லாமல் இரவில் போவதற்கு மட்டும் என்னிடம் சமாதானம் கிடையாது. டைனமோ விளக்கு எரியாவிட்டால், டபுள்ஸ் போனால், போலீஸ்காரர் மடக்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது வாங்கும் சைக்கிள்களில் பெரும்பாலானவை விளக்கில்லாமலே வருகின்றன, யாரும் மடக்குவதுமில்லை. பின்னால் மின்னும் சிவப்பு விளக்கு சில நூறு ரூபாய்தான்.

‘ரோடு டாக்ஸ் கட்டுறியா?’ என்றும் கேட்கிறார்கள். தெருக்களையும் உட்சாலைகளையும் பராமரிப்பது மாநகராட்சி. அதன் முக்கிய வருவாய்களில் ஒன்று சொத்து வரி. அதைச் சைக்கிள் வைத்திருப்பவரும் கட்டுகிறார், வாடகைக்கு இருப்பவர் வாடகையோடு சேர்த்துக் கொடுக்கிறார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஹெல்மெட்டோடு போகிறவர்களை மட்டுமே சைக்கிள்காரர்கள் என்று நினைக்கிறோம். இரவுப் பணி முடிந்து திரும்பும் காவலாளியும், டீ கேனைக் கட்டிக்கொண்டு போகிறவரும், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளியும், பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி பெற்ற பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆண்டுதோறும் சைக்கிளை வாரி வழங்குகிற அரசு, அது ஓடுவதற்கு மூன்றடி இடம் ஒதுக்குவதில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுகிறது. சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்றுக்கொண்ட கொள்கை, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் செலவாக வேண்டும் என்கிறது. பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதையைப் பார்க்கும்போது அந்தக் கொள்கை நினைவுக்கு வரும். வேறு பெரும்பாலான சாலைகளில் வருவதில்லை. இருந்தாலும், 2013-இல் 174 சாலைகளில் சைக்கிளைத் தடை செய்த கொல்கத்தாவின் வழிக்கு நாம் போகவில்லை என்பது வரைக்கும் ஆறுதல்.

போன ஞாயிறு, மெட்ரோ பணித் தடுப்புகளால் குறுகிப்போன ஒரு சாலையில் என் காருக்கு முன்னால் இரண்டு மாணவிகள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். தாண்ட இடமில்லாததால் இரண்டாம் கியரில் பின்னாலேயே போனேன். எனக்குப் பின்னால் வந்தவர் தடுப்பு முடியும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. இடம் கிடைத்ததும் அந்தப் பெண்கள் தாமாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் எல்லோரையும் முந்திக்கொண்டு பறந்தார். அடுத்த சிக்னலில் அவரும் நாங்களும் அந்த மாணவிகளும் ஒன்றாகத்தான் நின்றிருந்தோம்.